சிங்கப்பூர் டாலர்: ஊருக்குள் வாங்குவதா, விமான நிலையத்திலா?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் கிளம்புகிறவர்களுக்கு என் ஓட்டு ஊருக்குள் இருக்கும் நாணய மாற்றுக் கடைக்குத்தான். விமான நிலையக் கவுன்ட்டரில் டாலருக்கு இரண்டே ரூபாய் கூடக் கேட்டாலும், 800 டாலருக்கு 1,600 ரூபாய் போய்விடும். போன முறை பெட்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே நின்றபோது, விலைப்பலகையைப் பார்த்துவிட்டு என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பேரம் பேச நேரமில்லை; அது கவுன்ட்டர்காரருக்கும் தெரியும்.

கடையில் அப்படியில்லை. இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் போட்டு, "எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டுச் சேவைக் கட்டணத்தில் பிடிக்கிறவர்களும் உண்டு. ஜி.எஸ்.டி. இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: 50,000 ரூபாய்க்கு வாங்கினால் 90 ரூபாய். அந்தத் தொகைக்கு மேல் ரொக்கம் வாங்க மாட்டார்கள். வங்கிக் கணக்கிலிருந்துதான் செலுத்த வேண்டும். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் சுவரில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். கேட்டால் 10, 50 டாலர் தாள்களாகக் கலந்து கொடுப்பார்கள். உணவங்காடியில் 4 டாலர் சாப்பாட்டுக்கு 100 டாலரை நீட்டிச் சங்கடப்பட வேண்டாம்.

விமான நிலையத்துக்கு ஒரே ஒரு பெருமை: நள்ளிரவு விமானத்துக்கும் திறந்திருக்கும். மறந்தவர்கள் டாக்சிக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.