ஒரு வாரக் கன்று என்றால் தொப்புளைத் தொட்டுப் பாருங்கள்

சந்தையில் இளங்கன்று வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 7,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை.

போன மாதம் பக்கத்துச் சந்தையில் ஜெர்சி கலப்பினக் கிடாரிக் கன்று இரண்டு வாங்கினேன். "ஒரு வாரக் கன்னுங்க அண்ணா, சீம்பால் வயிறு முட்டக் குடிச்சதுங்க" என்றார் தரகர். வீட்டில் இறக்கும்போது இரண்டின் தொப்புள்கொடியும் ஈரமாக, விரலில் பிசுபிசுத்தது. ஒரு வாரம் ஆகியிருந்தால் காய்ந்திருக்கும். அன்றைய அலுப்பில் விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை சின்னதுக்குக் கழிச்சல். மஞ்சள் தண்ணீராகப் பீய்ச்சியது. ஊரில் ஊசி போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். கால்நடை மருத்துவம் படித்தவரல்ல, எனக்கும் தெரியும். இரண்டு ஊசி, 600 ரூபாய். "பாலை நிறுத்திடுங்க, வயிறு காயட்டும்" என்றார். நிறுத்தினேன். விடிவதற்குள் கண் குழிவிழுந்து காது சில்லிட்டுவிட்டது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வாயில் விரல் வைத்தால் சப்பவில்லை. எட்டு மணிக்குப் போய்விட்டது.

இரண்டாவதும் கழிய ஆரம்பித்த பிறகுதான் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கும் 1962 என்ற எண் எனக்கு ஞாபகம் வந்தது. வண்டியில் வந்த டாக்டரம்மா முதலில் நரம்பில் சலைன் ஏற்றினார், அப்புறம்தான் பேசினார். பிறந்த முதல் நாலு நாளில் இப்படிக் கழிந்தால் பெரும்பாலும் ஈ.கோலை மேல்தான் சந்தேகமாம். அந்தக் கிருமி குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை விடும். அந்த நச்சு குடல் செல்களிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே இறைத்துவிடும். குடல் பெரிதாகப் புண்ணாவதில்லை, கன்று வறண்டுதான் சாகிறது. 30 கிலோ கன்று 3 லிட்டர் இழந்தாலே எழுந்து நிற்காது. குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணீரைக் குடல் அப்போதும் உறிஞ்சும் என்பதால் அதைக் கொடுத்துக்கொண்டே, இடைவெளி விட்டுப் பாலும் ஊட்ட வேண்டும். பாலை நிறுத்துவது பட்டினி போடுவதுதான் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

சீம்பால் பொய்யும் அன்றே வெளுத்தது. கொஞ்சம் ரத்தம் எடுத்து உறையவைத்து, மேலே தெளிந்த நீரில் ஒரு சொட்டைப் பிரிக்ஸ் மீட்டரில் விட்டார். கரும்புச் சாற்றில் சர்க்கரை பார்ப்பார்களே, அதே கருவி. சீம்பால் ஒழுங்காகக் குடித்த கன்றுக்கு 8.4க்கு மேல் காட்ட வேண்டுமாம். இதற்கு 6.8. உடம்பு வறண்டு ரத்தம் கெட்டியாகியிருந்தும் அவ்வளவுதான். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கு எதிர்ப்புச் சக்தி போகாது, எல்லாம் சீம்பாலில்தான். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். ஒரு நாள் தாண்டினால் குடல் அதை ரத்தத்துக்கு விடாது. சீம்பாலைக் கறந்து காசாக்கிவிட்டுக் கன்றைச் சந்தைக்கு ஓட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

அந்தக் கன்று பிழைத்தது. ஆனால் என் மாடு அதே வாரம் ஈன்ற கன்று துள்ளித் திரிய, இது இன்னும் முடி சிலிர்த்து, விலா தெரிய நிற்கிறது. நடுவில் சளி வேறு பிடித்தது.

தரகருக்குப் போன் போட்டேன். "சந்தையில வாங்கினதுக்கு யாருங்க கேரண்டி கொடுப்பாங்க?" என்று வைத்துவிட்டார். போன வாரம் அதே வேப்பமரத்தடியில் நாலு கன்றுகளோடு நின்றிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன், ஒன்றுக்குத் தொப்புள் ஈரம்.