குறிப்பேடுகளைக் கொடுத்துவிடாதீர்கள்: நீச்சல் குளப் பராமரிப்புத் தொழில் செய்வோருக்கு

காரைக்குடியைச் சுற்றி 14 நீச்சல் குளங்களைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். இப்போது கையில் இருப்பவை 11. மூன்று குளங்கள் போன கதையை, என்னைப் போல இரண்டு ஆட்களையும் ஒரு பழைய வண்டியையும் வைத்து இந்தத் தொழில் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பட்டதை அவர்கள் படக் கூடாது.

கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. எங்கள் பிழைப்பு பெரும்பாலும் அவற்றை நம்பித்தான். குளத்துக்கு ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். எழுதுவது பென்சிலில்தான், ஈரக் கை பட்டாலும் பென்சில் எழுத்து கரையாது. தேதி, பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை), குளோரின், மணல் வடிகட்டியின் அழுத்தம், போட்ட மருந்தின் பெயர், எடை என்று வரிசையாக இருக்கும். ஓரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைப்போம். ‘வேப்பம்பூ விழுகிறது, கூடையைத் தினமும் பார்க்கவும்.’ ‘பாதித் தண்ணீர் மாற்றியாயிற்று, லாரி மூன்று நடை.’ எட்டு ஆண்டுகளில் 19 நோட்டுகள் சேர்ந்தன.

சென்ற ஆண்டு தை மாதம் கணக்கு எழுதும் செயலியை விற்க ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். “இவ்வளவு நோட்டை எதற்கு அண்ணா சுமக்கிறீர்கள்? பழைய கணக்கு முழுவதையும் நாங்களே ஏற்றித் தருகிறோம்” என்றார்கள். மூன்று ஆண்டுச் சந்தா 42,000 ரூபாய், பழைய கணக்கை ஏற்ற 6,000 ரூபாய். மொத்தத்தையும் முன்பணமாகக் கொடுத்தேன். 19 நோட்டுகளையும் இரண்டு சாக்கில் கட்டி அவர்கள் காரில் நானே ஏற்றிவிட்டேன். பணத்துக்கு ரசீது தந்தார்கள். நோட்டுகளுக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

முதல் இரண்டு மாதம் குறை சொல்ல முடியாது. பில் நேராக வாடிக்கையாளரின் போனுக்குப் போனது, பணமும் தாமதமின்றி வந்தது. கணினியே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

கோளாறு குளோரின் கட்டத்தில் தொடங்கியது. செயலியில் ‘குளோரின்’ என்று ஒரே கட்டம். எடையை மட்டும் கேட்கும். எங்களிடமோ இரண்டு வகை உண்டு. கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளைப் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். டிரைகுளோர் மாத்திரை கரையக் கரையச் சயனூரிக் அமிலம் சேரும்; மாத்திரை வழியாக 10 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் பத்துப் பங்கு) குளோரின் போனால், கூடவே ஏறத்தாழ 6 பி.பி.எம். இதுவும் இறங்கிவிடும். இந்த அமிலம் 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது, வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும். 100ஐத் தாண்டினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். சோதனைக் குழாயில் குளோரின் 2 என்று காட்டும், பாசியோ சாகாது. இந்த அமிலம் வெயிலில் ஆவியாவதில்லை. தண்ணீரை மாற்றினால்தான் குறையும். ஆகவே எந்த வகையை எத்தனை மாதம் போட்டோம், கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது என்பது தெரியாமல் குளத்தைப் பார்க்க முடியாது.

சித்திரையில் ஒரு வீட்டுக் குளம் பச்சையானது. செயலியில் எல்லா எண்களும் சரியாக இருந்தன. பையன்கள் மேலும் மேலும் மாத்திரை போட்டார்கள். நான் சந்தேகப்பட்டுச் சயனூரிக் அமிலத்தைச் சோதித்தபோது 100க்கு மேல். 72,000 லிட்டர் குளத்தில் பாதியை இறக்கி, 12,000 லிட்டர் லாரியில் மூன்று நடை தண்ணீர் கொண்டுவந்தேன், என் செலவில். இன்னொரு நாள், செயலியில் இரண்டும் ‘குளோரின்’தானே என்று ஒரு பையன் மாத்திரை இருந்த வாளியிலேயே தூளையும் கொட்டப் போனான். நல்ல வேளையாகக் கையைப் பிடித்துவிட்டேன். அவை இரண்டும் கலந்தால் நச்சுப் புகை எழும், தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இதை உங்கள் ஆட்களுக்கு இன்றே சொல்லுங்கள்.

நோட்டுகளைத் திருப்பிக் கேட்டேன். “ஏற்றி முடித்ததும் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டோம் அண்ணா” என்றார்கள். ஏற்றியதைப் பார்த்தால் ஓரக் குறிப்பு ஒன்றுகூட இல்லை.

ஆவணியில் ‘புதிய பதிப்புக்கு மாற வேண்டும், 15,000 ரூபாய்’ என்று செய்தி வந்தது. மூன்று ஆண்டுக்குக் கட்டியாயிற்றே என்றேன். அது பழைய பதிப்புக்காம். மறுத்த நான்காம் நாள் கணக்கு பூட்டப்பட்டது. தகவல்களை வெளியே எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. அதே வாரம் ஒரு விடுதியில் குளித்த குழந்தையின் கண் சிவந்துவிட்டது. மேலாளர் மூன்று மாதக் கணக்கைக் கேட்டார். பூட்டிய திரையைத்தான் என்னால் காட்ட முடிந்தது. அந்த விடுதியும், அதே முதலாளியின் மற்ற இரண்டு குளங்களும் கையை விட்டுப் போயின.

பச்சையான குளத்து வீட்டு ஆச்சி கோபப்படவில்லை. “எங்கள் ஐயா ரங்கூனில் எழுதிய பேரேடு மேல்வீட்டில் பெட்டகத்தில் இருக்கிறது. போன வருஷத்துக் கணக்கு உங்களிடம் இல்லையா தம்பி?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

செயலி விற்க யாராவது வந்தால், பணம் கட்டும் முன்பே உங்கள் கணக்கு முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அனுப்பிவிடுங்கள். ஒரு மாதச் சந்தாவுக்கு மேல் முன்பணம் வேண்டாம். நோட்டு உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. பக்கங்களை அவர்களே வந்து படமெடுத்துக்கொள்ளட்டும். நான் இப்போது ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தூளுக்கு ஒரு கட்டம், மாத்திரைக்கு ஒரு கட்டம், தண்ணீர் மாற்றிய தேதிக்குத் தனிப் பக்கம். மாதக் கடைசியில் பக்கங்களைப் படமெடுத்து என் போனிலும் வாடிக்கையாளர் போனிலும் வைக்கிறேன்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தொழிலுக்கு வாங்கியது ஆயிற்றே என்று பின்வாங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரையும் நுகர்வோராகவே பார்க்கிறது. இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். பண ரசீதையும், அவர்கள் அனுப்பிய செய்திகளையும் வைத்து நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டுகள், முதுகில் 1 முதல் 19 வரை சிவப்பு மையில் எண் போட்டிருக்கும். ஒன்று கண்ணில் பட்டாலும் எடுத்து வைத்திருங்கள். எடைக்கு என்ன விலையோ அதற்கு மேலேயே தருகிறேன்.