எல்.டிஸ். கோப்புக்கு ஒரு தாள், ஆர்.டிஸ். கோப்புக்கு வேறு தாள்

தருமபுரியில் அரசு அலுவலகத்துக்குப் பேப்பர் வாங்குபவருக்கு இன்று மூன்று வழி இருக்கிறது. வழக்கமான மரக்கூழ்த் தாள், கரும்புச் சக்கைத் தாள், பழைய காகிதத்திலிருந்து செய்த மறுசுழற்சித் தாள். பின்னால் சொன்ன இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. விலைப்புள்ளி கேட்கும்போது 'சுற்றுச்சூழலுக்கு உகந்த தாள்' என்று மொட்டையாக எழுதினால், கடைக்காரர் எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் நாம் வாய் திறக்க முடியாது. எங்களுக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

சக்கையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரிப்பதுதான் வழக்கம். 1979-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான டி.என்.பி.எல். (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்), சில ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் கொடுத்துச் சக்கையை வாங்கி, கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கூழாக்குகிறது. சேலம், நாமக்கல் தாண்டி, காவிரியைக் கடந்தால் ஆலை வந்துவிடும். லாரிக்கு அதிக தூரமில்லை. மரக்கூழும் கொஞ்சம் சேரும் என்பதால் 'மரமே வெட்டாத தாள்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் வெண்மையாக இருக்கும், ஜெராக்ஸ் மெஷினில் தகராறு செய்யாது.

மறுசுழற்சித் தாளின் கதை வேறு. பழைய காகிதத்தைக் கரைத்து, சோப்பு நுரையில் மையைப் பிரித்தெடுத்து மறுபடி தாளாக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிறது. தரம் குறைந்த கட்டு என்றால் தூசி உதிர்ந்து பிரிண்டர் உருளையில் படிகிறது. ஐப்பசி மழையில் ஈரம் குடித்துவிட்டால் இரண்டிரண்டு தாளாக இழுக்கும். அதனால் தேவைப்படும்போது மட்டும் கட்டைப் பிரியுங்கள். பழைய செய்தித்தாள் கூழ் கலந்திருந்தால் அதிலுள்ள லிக்னின் என்ற, மர நாரை ஒட்டவைக்கும் பொருள் சில வருடங்களில் தாளை மஞ்சளாக்கிவிடும். விலையும் எப்போதும் குறைவாக இருக்காது. தரம் பிரிக்கவும் மை நீக்கவும் செலவுண்டு.

அப்படியானால் மறுசுழற்சித் தாள் வேண்டாமா? வேண்டும், அது எங்கே போகிறது என்பதைப் பார்த்து. அதற்கான அளவுகோல் நம் அலுவலக நடைமுறையிலேயே இருக்கிறது. வேலை முடிந்த கோப்பை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதை அதன் டிஸ்போசல் (சுருக்கமாக 'டிஸ்.') வகை சொல்லிவிடும். எல்.டிஸ். கோப்பை ஒரு வருடத்தில் அழிக்கிறோம், கே.டிஸ். மூன்று வருடம், டி.டிஸ். பத்து வருடம், ஆர்.டிஸ். நிரந்தரம். ஒரு வருடத்தில் கிழித்துப் போடும் கூட்ட அறிவிப்புக்குப் பளபளக்கும் புது மரக்கூழ்த் தாள் எதற்கு?

கோப்பு முடியும்போதுதானே டிஸ்போசல் எண் விழும், முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நிலம் கையகப்படுத்தும் பிரிவில் உட்காரும் எழுத்தருக்கு எது எங்கே போய் முடியும் என்று தெரியாதா என்ன? பிரிவு வாரியாகப் பிரித்தால் போதும். எல்.டிஸ்., கே.டிஸ். வேலைகளுக்கும் சுற்றறிக்கை நகல், தபால் உறைகளுக்கும் மறுசுழற்சித் தாள். டி.டிஸ். கோப்புக்குச் சக்கைத் தாள். ஆர்.டிஸ். கோப்புக்கு மட்டும் அமிலமற்ற, லிக்னின் நீக்கிய நல்ல தாள். அது மரக்கூழோ சக்கையோ, கவலையில்லை. கையால் செய்த காகிதம் பாராட்டுச் சான்றிதழுக்கு அழகு, பிரிண்டருக்குப் பகை.

வாங்கும்போது எத்தனை சதவீதம் பழைய காகிதம் என்று எழுத்தில் கேளுங்கள். அதில் மக்கள் பயன்படுத்திக் கழித்தது எவ்வளவு, ஆலையிலேயே விழுந்த வெட்டுத் துண்டு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மத்திய அரசு 1991-இல் கொண்டுவந்த மண்பானை முத்திரை, ஈக்கோமார்க், இருந்தால் நல்லது. அப்புறம் எடை. 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் 500 கொண்ட ஒரு ரீம், உறை நீங்கலாக, சுமார் 2.34 கிலோ இருக்க வேண்டும். 2.18 கிலோதான் இருந்தால் 70 ஜி.எஸ்.எம்.மை 75 என்று தலையில் கட்டுகிறார்கள். மளிகைக் கடைத் தராசே இதைச் சொல்லிவிடும்.

இந்த வருட இன்டெண்டில், அதாவது தேவைப் பட்டியலில், நான் தாளை ஒரே வரியாக எழுதவில்லை, மூன்று வரியாகப் பிரித்திருக்கிறேன். கண்காணிப்பாளர் எதற்கு என்று கேட்டார். பழைய எல்.டிஸ். கட்டு ஒன்றைக் காட்டினேன்; கையெழுத்துப் போட்டுவிட்டார்.