லேபிள் பிரிண்டர்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, நானும் ஆன்லைன்ல சேலை விக்கப் போறேன். நீங்க வச்சிருக்கிற பிரிண்டர் இப்ப விலை இறங்கியிருக்கு, வாங்கிரட்டுமா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. புதிதாகத் தொடங்குகிற மற்றவர்களுக்கும் உதவுமே என்று மீதியை இங்கே எழுதுகிறேன்.

2022 ஆடியில் 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். மதுரையிலிருந்து சுங்குடிச் சேலை அனுப்புகிறேன். அதுவரை முகவரியெல்லாம் கையால் எழுதுவதுதான். கோவைக்கு 641 என்று தொடங்கும் பின்கோடை 614 என்று எழுதிவிட்டேன், சேலை மன்னார்குடிப் பக்கம் போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. பிரிண்டர் வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. மை வாங்கும் செலவும் இல்லை, சூட்டிலேயே எழுத்து விழுந்துவிடும்.

ஆனால் அந்த சென்சார்! ஒரு லேபிளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியைப் பார்த்துத்தான் தாள் எங்கே முடிகிறது என்று மிஷின் தெரிந்துகொள்கிறது. அதில் துளி தூசி விழுந்தாலும் போச்சு. 2024 தீபாவளிக்கு முந்தின வாரம், நாலரை மணிக்குப் பிக்கப், 38 பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். பார்கோடு பாதி ஒரு லேபிளில், மீதி அடுத்ததில். ஃபீட் பட்டனைப் பிடித்து அழுத்தினால் நாலு வெற்று லேபிளைத் துப்பிவிட்டு மறுபடி அதையே செய்கிறது. அன்றைக்கு 38 முகவரியையும் கையால்தான் எழுதினேன்.

சர்வீஸில் கேட்டால் அச்சடிக்கிற ஹெட்டையே மாற்ற வேண்டும், 3,200 ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டில் மொபைல் ரிப்பேர் பார்க்கிற தம்பி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். சென்சார் மேல் கடுகளவு லேபிள் பசை. காது குடையும் பட்ஸில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. கூட வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மலிவு ரோல் வாங்கியது என் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். நல்ல ரோல் போட்டும், ஒவ்வொரு முறை மாற்றும்போது துடைத்தும், மாதம் ஒரு தடவையாவது இப்படிச் செய்கிறது. மூன்று வருடமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

இன்னொன்றும் பட்டுத்தான் கற்றேன். மழைக்குப் பாதுகாப்பு என்று லேபிள் மேல் டேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை பட்டால் இந்தத் தாளில் எழுத்து வெளிறிவிடும். முகவரி படிக்க முடியாமல் எனக்கு இரண்டு சேலை திரும்பி வந்தன.

நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் கிடைத்தது. சுங்குடி முதல் சலவையில் சாயம் விடும். "முதல் மூன்று சலவை தனியாக, உப்புத் தண்ணீரில். நிழலில் காயப்போடவும்" என்று தமிழில் அடித்து ஒவ்வொரு சேலை மடிப்பிலும் வைக்க ஆரம்பித்தேன். எழுத்து பொடியாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி விழவில்லை, கொஞ்சம் பெரிதாக்கினேன். சாயம் போகிறது என்று வந்துகொண்டிருந்த புகார் அநேகமாக நின்றேவிட்டது. சீட்டை பீரோ கதவில் ஒட்டியிருப்பதாகச் சேலத்திலிருந்து ஒரு அம்மா போட்டோ அனுப்பினார். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும் சித்தி மகளுக்கு நான் சொன்னது, வாங்காதே என்பதுதான். நாளுக்குப் பத்துப் பார்சல் போகும்வரை இது வேண்டாம். ஒரு ஏ4 தாளில் நாலு லேபிள் அடித்து வெட்டி ஒட்டினால் போதும். அந்தக் காசில் முதலில் ஒரு நல்ல டிஜிட்டல் தராசு வாங்கட்டும், அளவான கவர் வாங்கட்டும். என் சேலை 420 கிராம். கவரில் மடித்துப் போட்டால் அரைக் கிலோவுக்குள் முடிந்தது. அழகாக இருக்கட்டுமே என்று 35, 25, 10 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் வைத்தேன். பெரும்பாலான கொரியர்கள் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாகக் கணக்குப் போடுவார்கள். மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள், 1.75 கிலோ வரும், அதை 2 கிலோவாக்கிக் காசு பிடித்தார்கள். முதல் இரண்டு மாத லாபம் அப்படியே அதில் போனது.

சலவைச் சீட்டு வேண்டுமென்றால் அவள் கேட்கட்டும். நூறு அடித்து நானே அனுப்பிவைக்கிறேன்.