சீட்டில் ஆறேகால் பவுண்டு, பெட்டியில் எட்டரை: டெக்சாஸில் வேட்டை ரைபிள் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

டெக்சாஸில் நிலம் வாங்கி ஆடு விட்டிருக்கும் நம்மாட்கள் சிலரை எனக்கே தெரியும். அவர்களும், கொயோட்டி (ஓநாய் இனத்தில் சிறியது, ஆட்டுக்குட்டியைத் தூக்கும்) வேட்டைக்கு முதன்முதலாக ரைபிள் வாங்கக் கிளம்பியிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கட்டிக் கொடுக்கும் இந்த வித்தை அந்த ஒரு கடையோடு நிற்கிற ஒன்றும் இல்லை.

நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து லானோ பக்கம் போயர் ஆடு வளர்க்கிறோம். கருங்கல் மேடு, சப்பாத்திக்கள்ளி, சீடர் மரம், அப்புறம் மெஸ்கீட். மெஸ்கீட் வேறொன்றுமில்லை, நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளி, அதே முள். குட்டி போடும் காலத்தில் கொயோட்டி வரும். கிரேட் பிரனீஸ் நாய் இரண்டு இருப்பதால் பாதித் தொல்லை அவற்றோடு போய்விடுகிறது, மீதிக்கு ஆள் நடந்தாக வேண்டும். கொயோட்டியைச் சுடலாமா, அது பாவமில்லையா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். அந்த வாதத்தைத் தனியாக வைத்துக்கொள்வோம், குடல் இழுத்துப் போட்ட குட்டியைக் காலையில் பார்த்தவன் பேசும் பேச்சு வேறாக இருக்கும். சட்டப்படி இங்கே கொயோட்டிக்கு வேட்டைக்காலம் என்று தனியாக இல்லை, இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பும் இல்லை.

எனக்கு வேண்டியது நடந்து போகும் ரைபிள். முக்கால் மைல் நடப்பது, காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு புதரோரம் உட்காருவது, கொயோட்டியை வரவழைக்க முயல் கத்துகிற மாதிரி ஊதுவது, கால் மணியோ இருபது நிமிடமோ பார்த்துவிட்டு எழுந்து அடுத்த மேட்டுக்குப் போவது. ஒரு காலையில் இதையே பல தடவை செய்ய வேண்டும். சுடுகிற தூரம் பெரும்பாலும் 200 கஜத்துக்குள்தான். இதற்கு .223 ரெமிங்டன் தோட்டா தாராளம். 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு நீளக் குழலிலிருந்து வினாடிக்கு 3,200 அடி வேகத்தில் போகும், 16 அங்குலக் குழலில் சில நூறு அடி குறையும். பத்திலிருந்து இருபது கிலோ எடையுள்ள ஒரு மிருகத்துக்கு அது போதும், தோட்டாவும் மலிவு.

கடையில் போய் இதையேதான் சொன்னேன்: லேசாக இருக்க வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது, நான் நடக்கிறவன். விற்றவர் சுவரிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். மெல்லிய குழல், கச்சிதமான ஸ்டாக் (தோளில் அணைக்கும் கட்டை), தோளில் வைத்தால் சட்டென்று உட்கார்ந்தது. தொங்கிய சீட்டில் "கொயோட்டி ஸ்பெஷல், லைட் வெயிட், 6.25 பவுண்டு" என்று எழுதியிருந்தது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), பைபாட் (குழலைத் தாங்கும் இரட்டைக்கால்), ஸ்கோப்பை மாட்டி 100 கஜத்துக்குச் சரிசெய்து தரும் கூலி, பத்துப் பெட்டி தோட்டா எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் விலை. சரி என்றேன். "இது காட்சிக்கு வைத்தது, உங்களுக்குப் புதுசு உள்ளே இருக்கிறது, மாட்டி வைக்கிறோம், நாளை மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். புதுசு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

எடுக்கப் போன அன்று கடையில் சனிக்கிழமைக் கூட்டம். துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை முடிந்தது. ஸ்கோப் மாட்டிய ரைபிளை உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, பூட்டும் போட்டுக் கொடுத்தார்கள். கனமாகத்தான் இருந்தது. கேட்டேன். "ஸ்கோப், பைபாட், தோட்டா எல்லாம் உள்ளே இருக்கிறதே" என்றார்.

வீட்டில் பிரித்தால், சுவரில் பார்த்த பொருளே இல்லை. பெயர் அதே பெயர், கம்பெனி அதே கம்பெனி. குழல் மட்டும் கட்டை விரலைவிடத் தடிமன், நீளம் 26 அங்குலம். ஒரே மாடலில் கம்பெனிகள் இரண்டு மூன்று வகை செய்வார்கள்: நடப்பவர்களுக்கு மெல்லிய குழல், உட்கார்ந்து சுடுபவர்களுக்குத் தடித்த குழல். இந்தத் தடித்த குழலை வார்மின்ட் குழல் என்பார்கள். மேசையில் மணல் மூட்டை போட்டு, புல்வெளியில் வளை தோண்டும் பிரெய்ரி டாக் என்ற பிராணியை நாள் முழுக்கச் சுடுகிறவர்களுக்காக வந்தது. அடுத்தடுத்துச் சுட்டாலும் சீக்கிரம் சூடேறாது, அதற்காகத்தான் அவ்வளவு இரும்பு. கொயோட்டி வந்தால் நமக்குக் கிடைப்பது ஒரு வெடி, மிஞ்சினால் இரண்டு. அதற்கு இந்த இரும்பைச் சுமந்து மேடு ஏறுவது எதற்கு?

சமையலறைத் தராசு தாங்காது என்று பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். வெறும் ரைபிள் எட்டரை பவுண்டு. 24 மடங்கு வரை இழுக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கோப் ஒன்றரை பவுண்டு. அதன் வளையமும் அடித்தட்டும், பைபாடும் சேர்ந்து இன்னும் ஒன்றரை. மொத்தம் பதினொன்றரை பவுண்டு, அதாவது ஐந்து கிலோவுக்கு மேல், தோட்டா போடாமல். அதே .223-ல் ஆறு பவுண்டு ரைபிள், 2-7 அல்லது 3-9 மடங்கு சின்ன ஸ்கோப் என்று எடுத்தால் ஏழு பவுண்டோடு வேலை முடிந்திருக்கும்.

இதோடு நின்றிருந்தால் ஏதோ மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்திருப்பேன். சுட்டுப் பழகும் ரேஞ்சில் போய்ச் சுட்ட போதுதான் முழு லட்சணமும் தெரிந்தது. முதலில் குண்டு காகிதத்திலேயே விழவில்லை. 25 கஜத்துக்குக் கிட்டே கொண்டுவந்து வைத்தேன், விழுந்தது. விழுந்த ஓட்டைகள் வட்டமாக இல்லை. சாவித்துவாரம் மாதிரி நீளமாக, பக்கவாட்டில் கிழித்திருந்தது. பக்கத்து மேசைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குண்டு குட்டிக்கரணம் போடுகிறது, உன் முறுக்கு என்ன?" என்றார்.

முறுக்கு என்பது குழலுக்குள் இருக்கும் வரிகளின் திருகல். எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பது கணக்கு. .223-ல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெயின் வரை நன்றாகப் போகும். குண்டு கனமாக ஆக நீளமும் கூடும், நீளக் குண்டை நேராக நிறுத்த வேகமான முறுக்கு வேண்டும்: 9-க்கு ஒன்று, 8-க்கு ஒன்று, 7-க்கு ஒன்று. என் பேக்கேஜில் வந்த பத்துப் பெட்டியும் 75 கிரெயின். "காற்றுக்கு நல்லா நிற்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். சரியான குழலில் நிற்கும்தான். என் குழல் 12-க்கு ஒன்று, அதில் அதைப் போட்டால் வாய் விட்டு வெளியே வந்ததுமே உருளும். விற்காமல் கிடந்த தோட்டாவை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முறுக்கை நீங்களே அளந்துவிடலாம், தனிக் கருவி எதுவும் வேண்டாம். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பாருங்கள், போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கழற்றுங்கள். கைப்பிடி தாராளமாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் விடுங்கள். கம்பியின் மேல்பக்கம் பேனாவால் ஒரு கோடு. மெதுவாகத் தள்ளினால் கம்பி தானாகச் சுழலும். கோடு சுற்றி மறுபடி மேலே வரும்போது கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறதோ அதுதான் முறுக்கு. லானோவில் கன்ஸ்மித்தாக, அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை செய்யும் ஒரு பெரியவர் என் கண் முன்னால் இப்படித்தான் அளந்தார்.

அவர் இன்னும் சிலவற்றைக் கண்டுபிடித்தார். செம்பு கரைக்கும் மருந்தை விட்டுத் துடைத்தால் துணி நீலமாக வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. புது ரைபிளைத் தொழிற்சாலையில் சோதனைக்குச் சுடுவது உண்டு, லேசாகக் கரி இருக்கலாம். இது அந்த அளவு இல்லை. ஸ்டாக்கைப் பிடிக்கும் திருகுகளின் தலை மழுங்கியிருந்தது, போல்ட் முகத்தில் பித்தளைத் தேய்மானம். யாரோ வாங்கி, நிறையச் சுட்டு, திருப்பிக் கொடுத்ததைப் புதுசு என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். ஸ்கோப் அடித்தட்டின் திருகை விரலாலேயே திருக முடிந்தது. 100 கஜத்துக்குச் சரிசெய்து தந்தோம் என்று ரசீதில் கூலி போட்டிருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் செய்தது குழலோடு ஸ்கோப்பைக் கண் மட்டத்தில் ஒத்துப் பார்ப்பது மட்டும்தான். போர் சைட் என்பார்கள் அதை. ஒரு தோட்டாகூடச் சுடாமல் செய்கிற வேலை. அதன் பிறகு காகிதத்தில் சுட்டுத்தான் ஸ்கோப்பைச் சரிசெய்ய வேண்டும், அது வேறு வேலை, வேறு கூலி.

கடைக்குத் திரும்பிப் போனேன். மேனேஜர் படிவத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். "சீரியல் நம்பர் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? துப்பாக்கி கைமாறினால் திருப்பி எடுப்பதில்லை." துப்பாக்கிக் கடைகளில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை, பொய்யில்லை. ஒரு தடவை கைமாறினால் அது பழைய சரக்கு. ஆனால் 4473 என்பது யார் எந்தத் துப்பாக்கியை வாங்கினார் என்று அரசாங்கத்துக்கு வைக்கும் பதிவு. சரக்கு எப்படியிருந்தாலும் சம்மதம் என்று எழுதிக்கொடுக்கும் பத்திரம் கிடையாது. இதைச் சொன்னதும் மேனேஜரின் குரல் மாறியது, அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உறையைத் திறக்கச் சொல்லுங்கள். பெட்டியின் ஓரத்தில் கம்பெனி ஒட்டிய சீட்டு இருக்கும். மாடல் எண், தோட்டா வகை, குழல் நீளம் அதில் இருக்கும், முறுக்கு பெரும்பாலும் கம்பெனி இணையதளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டால் கிடைக்கும். கடைக்காரர் கையால் எழுதித் தொங்கவிட்ட சீட்டை நம்ப வேண்டாம். கையோடு ஒரு கொக்கித் தராசு கொண்டு போனால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காட்சிக்கு வைத்ததே பிடித்திருந்தால் அதையே கேளுங்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்பீர்கள். ரூகர் அமெரிக்கன் ரான்ச் சுமார் ஆறு பவுண்டு, 16 அங்குலக் குழல், முள்ளில் மாட்டாது. சாவேஜ் ஆக்சிஸ் அதைவிடக் கொஞ்சம் கனம், விலையில் எளிது. ஹோவா மினி ஆக்‌ஷன் சின்னத் தோட்டாவுக்கென்றே சிறிதாகச் செய்தது. டிக்கா டி3எக்ஸ் லைட்டின் போல்ட் வழுக்கிக்கொண்டு போகும், பணம் கூடுதல். என் காசாக இருந்தால் ரூகரை வாங்கி, மிச்சத்தை நல்ல ஸ்கோப்புக்குப் போடுவேன். லேசான ரைபிளை நின்றுகொண்டு ஆடாமல் பிடிப்பது கடினம் என்பது உண்மைதான், அதற்கு இரண்டு குச்சியைக் குறுக்காகக் கட்டி ஊன்றிக்கொண்டால் போதும். 5.56 என்று எழுதிய தோட்டாவை .223 என்று மட்டும் பொறித்த குழலில் போடாதீர்கள், அழுத்தம் கூடும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரைபிளைவிடப் பெரிய கோபம். என்னோடு வந்த மச்சான் எச்-1பி விசாவில் இருக்கிறார், அவருக்கும் ஒன்று வேண்டும் என்றார். விற்றவர் யோசிக்கவே இல்லை: "கிரீன் கார்டு உங்களிடம் இருக்கிறதே, அவர் பணத்தில் நீங்கள் உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்." தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அடுத்தவர் பணத்தில் அடுத்தவருக்காக வாங்கிக்கொண்டு, வாங்குவது நான்தான் என்று 4473-ல் எழுதுவது கூட்டரசுக் குற்றம். 2022-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பினாமியாகத் துப்பாக்கி வாங்குவதற்கு 15 ஆண்டு வரை சிறை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது, விலக்குகளில் நமக்கு உதவுவது செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ஆட்டைத் தாக்கும் கொயோட்டியைச் சுட டெக்சாஸில் உரிமமே வேண்டாம் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வார், அவருக்கு அது சரி. விசாவில் இருப்பவர் அதைக் கேட்டு உரிமம் எடுக்காமல் துப்பாக்கியைத் தொட்டால் வேலையோடு விசாவும் போகும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் கட்டாயம். மச்சான் அதை முடித்து உரிமம் எடுத்துவிட்டுத் தன் பெயரிலேயே வேறு கடையில் வாங்கினார்.

அதற்கு முன்னால் அவர் இணையத்தில் பாதி விலைக்கு டிக்கா தருகிறோம் என்ற ஒரு தளத்தைக் காட்டினார். ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றத்தில் பணம் அனுப்பினால் வீட்டுக்கே வருமாம். இணையத்தில் கடையிலிருந்து வாங்கும் ரைபிள் உரிமம் பெற்ற இன்னொரு கடைக்குத்தான் வரும், அங்கே போய்ப் படிவம் நிரப்பித்தான் எடுக்க முடியும். வீட்டு வாசலுக்கு என்று சொன்னாலே அது திருட்டுத் தளம்.

என் விவகாரத்தில் இதுவரை நடந்தது: கிரெடிட் கார்டில் கொடுத்திருந்ததால் தகராறு பதிவு செய்தேன். ரசீதில் 100 கஜத்துக்குச் சரிசெய்ததாக இருந்ததையும், கன்ஸ்மித் எழுதிக் கொடுத்த சீட்டையும் வைத்து அந்தக் கூலி மட்டும் திரும்பி வந்தது. ரைபிள் பணத்தைக் கார்டு கம்பெனி தர மறுத்துவிட்டது. மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் போட்டிருக்கிறேன். டெக்சாஸின் ஏமாற்று வணிகத் தடைச் சட்டத்தில் வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதைப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. கடையிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, ரைபிளைத் திருப்பிக் கொடுத்தால் பாதித் தொகைக்குக் கடையிலேயே வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதை எழுத்தில் அனுப்பச் சொன்னேன், இன்னும் வரவில்லை. ரைபிளை நான் விற்கவும் இல்லை, ரேஞ்சுக்குப் பிறகு சுடவும் இல்லை, வந்த உறையிலேயே சீட்டோடு வைத்திருக்கிறேன். கெடு முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்.