ஐடி மாவு பாக்கெட்: வாங்கலாமா என்ற கேள்விக்குக் கடையிலேயே பதில்

இட்லி மாவைக் காசு கொடுத்து வாங்குவதில் நம் வீடுகளில் இன்னும் ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. என்ன அரிசி போட்டார்கள், எந்தத் தண்ணீரில் அரைத்தார்கள், நேற்று மீந்ததை இன்றைய மாவோடு கலந்துவிட்டார்களா, சீக்கிரம் பொங்கட்டும் என்று சோடா மாவு சேர்த்தார்களா என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். மாவு எப்படி இருக்கிறது என்பது மறுநாள் காலை தட்டில் தெரிந்துவிடும், ஆனால் வாங்குவதா வேண்டாமா என்பதைக் கடை ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் முடிவு செய்தாக வேண்டும். இட்லி, தோசை மாவைப் பாக்கெட்டில் விற்கும் பெங்களூர் நிறுவனமான ஐடி ஃப்ரெஷ் ஜெயித்தது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் என்பது என் கருத்து.

மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இட்லி மெத்தென்று வருகிறது, தோசையும் நன்றாகச் சிவக்கிறது. எனக்குப் புளிப்பு கொஞ்சம் தூக்கலாக வேண்டும், அதனால் பாக்கெட்டைப் பிரித்துப் பாத்திரத்தில் ஊற்றி, கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் ஊற்றுவேன். புளிப்பு பிடிக்காதவர்கள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றலாம். அளவு பார்த்து வாங்கும் உதிரி மாவைவிட விலை கூடுதல், அதில் சந்தேகமில்லை. அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் தொழில் தொடங்கும் ஆட்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

2005-இல் பெங்களூரில் 50 சதுர அடி இடத்தில், வயநாட்டைச் சேர்ந்த பி.சி.முஸ்தபாவும் அவருடைய உறவுக்காரச் சகோதரர்களும் ஆரம்பித்த தொழில் இது. அந்தச் சகோதரர்களில் ஒருவர், மளிகைக் கடையில் சாதா பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டு மாவு விற்பதைப் பார்த்ததிலிருந்துதான் யோசனை பிறந்தது. இட்லி மாவு ஒன்றும் புதுப் பொருள் இல்லை, பெங்களூரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. இல்லாமல் இருந்தது, அந்த மாவுக்கு ஒரு பெயர், ஒரு முகம், கெட்டுப்போனால் யாரைப் போய்க் கேட்பது என்பதற்கு ஒரு விலாசம். அப்படியும் ஒரு நாளைக்கு 100 பாக்கெட் விற்கும் நிலைக்கு வர ஒன்பது மாதம் ஆனதாக முஸ்தபாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நல்ல பாக்கெட் போட்டால் மறுநாளே கூட்டம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்பது மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு அதிகம் பிடித்தது அவர்களுடைய வடை மாவு பாக்கெட். மெதுவடை தட்டத் தெரியாதவர்களின் பாடு எல்லோருக்கும் தெரியும்: கையை நனைக்க வேண்டும், இலையில் தட்ட வேண்டும், நடுவில் ஓட்டை போட வேண்டும், அது கையில் ஒட்டாமல் காயும் எண்ணெயில் நழுவி விழ வேண்டும், கடைசிப் படியில்தான் பாதிப் பேருக்குப் பயமே. இந்தப் பாக்கெட்டின் வாயை எண்ணெய்க்கு மேலே பிடித்து அழுத்தினால், ஓட்டையோடு வடை தானாக இறங்குகிறது. முதல் வடை கோணலாக வந்தாலும் கவலை வேண்டாம், இரண்டு மூன்று போட்டால் அழுத்தும் அளவு கைக்குப் பிடிபட்டுவிடும். இதை விளக்க விளம்பரமே தேவையில்லை, ஒருவர் போடுவதை இன்னொருவர் பார்த்தால் போதும், அடுத்த வாரம் அவர் வீட்டிலும் அந்தப் பாக்கெட் இருக்கும். பிராண்டிங் என்றால் லோகோவும் கலரும்தான் என்று நினைப்பவர்கள் இந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சமைப்பவரின் ஒரு பயத்தை எடுத்துப்போட்டது எந்த லோகோவையும்விட ஆழமாக மனதில் நிற்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆளில்லாத ஃப்ரிட்ஜ் வைத்து, எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஒரு ஏற்பாடும் செய்திருந்தார்கள். என்னை நம்பு என்று எழுதி ஒட்டுவதைவிட, நான் உன்னை நம்புகிறேன் என்று செய்து காட்டுவது எவ்வளவோ மேல்.

இந்த நம்பிக்கைக்கு 2021-இல் ஒரு சோதனை வந்தது. மாவில் மாட்டு எலும்பு கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பொய் பரவியது. சைவப் பொருட்கள் மட்டுமே சேர்க்கிறோம் என்று நிறுவனம் வெளிப்படையாக மறுத்தது. பெயரில்லாத பாக்கெட்டாக இருந்தால் மறுப்பதற்குக்கூட ஆள் இருந்திருக்காது.

எங்கள் பகுதியில் புதிதாக ஒரு மாவுக் கடை வந்திருக்கிறது, பெயர் வேண்டாம். மாவு அருமை, உளுந்தில் கஞ்சத்தனமே இல்லை. கடை முகப்பில் எல்இடி எழுத்து, கண்ணாடிக் கதவு என்று நிறையச் செலவழித்திருக்கிறார்கள். ஆனால் பாக்கெட்டில் அரைத்த தேதி இல்லை, என்ன சேர்த்தார்கள் என்று ஒரு வரி இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. அதனால் வருகிற ஒவ்வொருவரும் "அண்ணா, இது இன்னைக்கு அரைச்சதா?" என்று கேட்கிறார்கள், அவரும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். இவ்வளவு நல்ல மாவு அரைக்கிறவர் இப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது. உரிம எண், பொருட்களின் பட்டியல், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், எடை, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி எல்லாம் சட்டப்படியே பாக்கெட்டில் இருக்க வேண்டியவை, ஒரு சாதாரண ஸ்டிக்கரில் அடங்கிவிடும். அந்த எல்இடி பலகைக்கு ஆன செலவில் எத்தனையோ ஆயிரம் ஸ்டிக்கர் அடித்திருக்கலாம்.

சரி, ஐடி மாவை யார் வாங்கலாம்? ஒன்றிரண்டு பேர் இருக்கிற வீடு, கிரைண்டர் வைக்க இடமில்லாத வாடகை வீடு, வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்தாறு பேர் தினமும் இட்லி சாப்பிடும் வீட்டுக்கு அரைத்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும். வடை பாக்கெட்டை மட்டும் அவர்களும் ஒரு தடவை வாங்கிப் பார்க்கலாம், முக்கியமாக வடை தட்டத் தெரியாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால். வாங்கும்போது தேதியைப் பாருங்கள், கடைக்காரர் ராத்திரியில் ஃப்ரிட்ஜை அணைக்கும் வழக்கம் உள்ளவரா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பாக்கெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குளிர் விட்டுப்போனால் மாவு பொங்கிவிடும்.