விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறக்க என்டிஎஃப்எஸ்-3ஜியா, என்டிஎஃப்எஸ்3யா?

விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையை லினக்ஸில் படிக்கவும் எழுதவும் உதவும் டிரைவர்கள் இவை. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும், உறவே இல்லை. என்டிஎஃப்எஸ்-3ஜி 2007இல் நிலையான பதிப்பு கண்டது, ஃபியூஸ் என்ற இடைமுகம் வழியாகக் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) வெளியே ஓடுவது. என்டிஎஃப்எஸ்3 பாராகன் நிறுவனம் எழுதியது, 2021இல் லினக்ஸ் 5.15 கெர்னலுக்குள் சேர்ந்தது.

வேகத்தில் புதியதுதான் முந்தும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை நகலெடுக்கும்போது 3ஜி சிபியூவைத் தின்றுகொண்டு மெதுவாக நகர்வது கண்கூடு. ஆனாலும் எழுதும் வேலைக்கு எங்கள் ஓட்டு 3ஜிக்கே. அதன் பக்குவம் ஒரு காரணம். பார்ட்டிஷன் கெட்டால் கைகொடுக்கும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸும் 3ஜியோடுதான் வருகிறது. மொத்தமாகப் படித்தெடுக்க மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ்3ஐப் படிக்க மட்டும் அனுமதிக்கும் 'ஆர்ஓ' விருப்பத்தோடு மவுன்ட் செய்யுங்கள் (லினக்ஸில் இணைத்துத் திறப்பதுதான் மவுன்ட்).

"மவுன்ட் ஆகிறது, எழுத முடியவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் டிரைவர் காரணமல்ல, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான். ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னல் பகுதியை ஹைபர்நேட் செய்துவிட்டுத்தான் (நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு) அணைகிறது. பார்ட்டிஷன் பாதி திறந்த நிலையிலேயே நிற்கும். 3ஜி அதைக் கண்டுபிடித்துப் படிக்க மட்டும் விடும். பார்ட்டிஷன் 'டர்ட்டி' (சரியாக மூடப்படாதது) என்று குறிக்கப்பட்டிருந்தால், எழுதும் வகையில் மவுன்ட் செய்ய என்டிஎஃப்எஸ்3 மறுத்துவிடும். 'ஃபோர்ஸ்' கொடுத்து மடக்க வேண்டாம். விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்நேஷனை முழுதாக அணைத்துவிடுங்கள். ஒரு முறைக்கு மட்டும் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் போதும். ஹைபர்நேட் கோப்பை அழிக்கும் விருப்பம் 3ஜியில் உண்டு. விண்டோஸில் சேமிக்காமல் விட்ட வேலை அதோடு போய்விடும். என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஜர்னலை (மாற்றங்களின் பதிவேடு) காலி செய்து சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்யும், அவ்வளவே. முழுச் சோதனைக்கு விண்டோஸின் செக்டிஸ்க்தான் வேண்டும்.

கணினி தொடங்கும்போதே மவுன்ட் ஆக வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதும்போது டிஸ்க் பெயருக்குப் பதில் யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாளம்) கொடுங்கள். மவுன்ட் தவறினாலும் தொடரச் சொல்லும் 'நோஃபெயில்' விருப்பத்தைச் சேர்க்க மறந்து, பார்ட்டிஷன் மவுன்ட் ஆகாமல் போனால், கணினி எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். என்டிஎஃப்எஸ்3இல் யூஐடி (பயனர் எண்) குறிப்பிடாவிட்டால் எல்லாம் ரூட் (நிர்வாகி) பெயரில் வரும், சாதாரணப் பயனர் எழுத முடியாது. 3ஜி நேர்மாறாக எல்லோருக்கும் திறந்துவிடும். 3ஜியோடு, விண்டோஸ் ஏற்காத பெயர்களைத் தடுக்கும் 'விண்டோஸ்_நேம்ஸ்' விருப்பத்தையும் போடுங்கள். அது இல்லாவிட்டால் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி (:) வைக்க லினக்ஸ் அனுமதிக்கும், பிறகு விண்டோஸ் அதைத் திறக்க முடியாமல் தடுமாறும்.

டிஸ்க்குகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் பட்டியலில் என்டிஎஃப்எஸ் இருக்க வேண்டிய இடத்தில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) என்றிருந்தால் இரண்டு டிரைவரும் நேரடியாக உதவாது. குறியாக்கத்தைத் திறக்கும் லினக்ஸ் கருவியான கிரிப்ட்செட்டப்பின் 2.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் 'பிட்எல்கே' வகையாகத் திறந்து, 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடுத்த பிறகு, வருகிற மேப்பர் சாதனத்தைத்தான் (பூட்டு திறந்த பார்ட்டிஷன்) மவுன்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் 11 வந்த பல மடிக்கணினிகளில் பயனர் கேட்காமலே இந்தக் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். பார்ட்டிஷன் அளவை மாற்றத் தொடங்கும் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.